வெஸ்ட்ரே தீவின் நோல்ட்லண்ட் குடியிருப்பு: அரசுக் காவலில் இருந்தும் காற்றில் கரைந்த ஒரு தொல்லியல் களம்

ஸ்காட்லாந்தின் பெருநிலத்துக்கு வடக்கே உள்ள ஓர்க்னித் தீவுக்கூட்டத்தின் வடமேற்கு ஓரத்தில் இருப்பது வெஸ்ட்ரே தீவு. அதன் வடகரையில், குரோபஸ்ட் விரிகுடாவை ஒட்டிய மணற்பரப்பில், லிங்க்ஸ் ஆஃப் நோல்ட்லண்ட் என்று அழைக்கப்படும் தொல்குடியிருப்பு புதைந்திருக்கிறது. கி.மு. நான்காம் ஆயிரத்தாண்டின் பிற்பகுதியில் புதிய கற்கால உழவர்கள் அங்கே கல்வீடு கட்டிக் குடியேறினார்கள். வெண்கலக் காலம் வரை அந்த மணல்வெளியில் மக்கள் வாழ்ந்ததற்கும், உழுததற்கும், இறந்தவர்களைப் புதைத்ததற்கும் தடயங்கள் கிடைத்துள்ளன. சட்டப் பாதுகாப்பும் அரசின் நேரடிப் பராமரிப்பும் பெற்ற இந்தக் களம், அந்தப் பராமரிப்பில் இருந்த காலத்திலேயே காற்றால் அரிக்கப்பட்டு வெளியே வந்தது. அரிப்பை நிறுத்த முடியாது என்று தெரிந்த பிறகு, தோண்டிப் பதிவு செய்வதைத் தவிர வேறு வழியில்லை என்ற முடிவுக்குக் களத்தைக் காக்க வேண்டியவர்களே வந்து சேர்ந்தார்கள். அந்த முடிவு எப்படி உருவானது, அதனால் கிடைத்தது என்ன, இழந்தது என்ன என்பதை இந்தக் கட்டுரை ஆராய்கிறது.

களமும் மணலும்

வெஸ்ட்ரேயில் இன்று சுமார் 600 பேர் வாழ்கிறார்கள். ஓர்க்னியின் தலைநகரான கிர்க்வாலிலிருந்து படகில் ஏறினால் தீவின் தென்முனையில் உள்ள ராப்னெஸ் துறையை அடைய ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் ஆகும். பக்கத்துத் தீவான பாப்பா வெஸ்ட்ரேக்கு ஒரு சிறு விமானமும் உண்டு. இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடும் அந்தப் பயணம், உலகிலேயே மிகக் குறுகிய வழக்கமான விமானச் சேவை என்று பெயர் பெற்றது. அட்ச ரேகை 59 பாகையைத் தாண்டிய இந்த இடத்தில் மரம் என்று சொல்லத்தக்கது மிகக் குறைவு, காற்று ஓயும் நாளும் குறைவு. மரம் அரிதாக இருந்ததனால்தான் ஆதிக்குடிகள் சுவர், கட்டில், அலமாரி என்று எல்லாவற்றையும் கல்லில் செய்தார்கள். தட்டுத்தட்டாகப் பிளக்கும் ஓர்க்னியின் மணற்பாறை அதற்கு வாகாக அமைந்தது.

நோல்ட்லண்டின் தனிச்சிறப்புக்குக் காரணம் அங்குள்ள மணல். ஸ்காட்லாந்தின் பெரும்பாலான நிலங்களில் மண் அமிலத் தன்மை கொண்டது. சில நூற்றாண்டுகளிலேயே எலும்பைக் கரைத்துவிடும். ஆகவே அந்நாட்டின் கற்கால இடங்கள் பலவற்றில் கல்லும் கரியும் கிடைக்குமே தவிர, மனிதரின் எலும்போ விலங்கின் எலும்போ அரிதாகவே கிடைக்கும். வெஸ்ட்ரேயின் கடற்கரை மணலோ நொறுங்கிய சிப்பிகளால் ஆனது. அதிலுள்ள சுண்ணாம்பு, மண்ணின் அமிலத்தை முறித்து, எலும்பை ஐயாயிரம் ஆண்டுகளானாலும் கெடாமல் வைத்திருக்கிறது. அதே மணல் வீட்டுச் சுவர்களின் மேல் குவிந்து மூடியதால், பிற்கால உழவர்கள் அந்தக் கற்களைப் பெயர்த்து வேலி கட்ட முடியாமல் போயிற்று. இந்தக் களம் நிலைத்ததற்கு மனிதரின் கவனத்தைவிட மணலின் மூடுதலே காரணம் என்பதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். பின்னால் வந்த சிக்கல் முழுவதும் அதிலிருந்தே பிறந்தது.

காவலுக்குள் வந்த விதம்

பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ஓர்க்னியின் பழம்பொருள் ஆய்வாளர் ஜார்ஜ் பெட்ரி இந்த மணல்வெளியில் கிடைத்த பொருள்களைக் கவனித்துக் குறித்து வைத்திருக்கிறார். ஆனால் முறையான அகழாய்வு 1978 முதல் 1981 வரைதான் நடந்தது. ஸ்காட்லாந்தின் தேசியத் தொல்பொருள் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த டேவிட் கிளார்க் அதை வழிநடத்தினார். புகழ்பெற்ற ஸ்காரா பிரே குடியிருப்பை 1972, 1973-ஆம் ஆண்டுகளில் மீண்டும் தோண்டியவரும் அவரே. நோல்ட்லண்டில் குரோபஸ்ட் என்று பெயரிடப்பட்ட கற்கட்டடமும், அடர்ந்த குப்பைமண் படிவுகளும், கலப்பையின் ஆதிவடிவமான உழுகருவி கீறிய கோடுகளும் வெளிப்பட்டன. இவற்றோடு, குறைந்தது 15 செம்மான்களின் எலும்புக்கூடுகள் கலையாமல் ஓரிடத்தில் கிடந்தன. வேட்டையாடிய மானைத் தின்னாமலும் தோலுரித்துப் பங்கிடாமலும் அப்படியே ஏன் போட்டார்கள் என்பது இன்றுவரை விவாதத்துக்குரியது.

அந்த அகழாய்வைத் தொடர்ந்து களம் அரசின் பராமரிப்புக்குள் வந்தது. 1979-ஆம் ஆண்டின் தொல்லியல் சின்னங்கள் சட்டம் இதற்கு அடிப்படை. அச்சட்டத்தின்படி பட்டியலிடப்பட்ட ஒரு சின்னத்தில் அனுமதியின்றித் தோண்டுவதும், கட்டுவதும், சேதப்படுத்துவதும் குற்றம். பராமரிப்பில் எடுத்துக்கொள்ளப்பட்ட இடமானால், அதைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பு நேரடியாக அரசுடையது. ஸ்காட்லாந்தில் அந்தப் பொறுப்பை முன்பு ஹிஸ்டாரிக் ஸ்காட்லாந்து வகித்தது. 2015-இலிருந்து ஹிஸ்டாரிக் என்விரான்மென்ட் ஸ்காட்லாந்து என்ற அமைப்பு வகிக்கிறது.

இந்தச் சட்டத்தின் கட்டமைப்பைச் சற்று உற்றுப் பார்த்தால் அதன் கவலை முழுவதும் மனிதக் கையைப் பற்றியது என்று புரியும். புதையல் தேடுவோர், கல் எடுப்போர், வீடு கட்டுவோர் ஆகியோரைத் தடுக்க அது போதுமானது. நோல்ட்லண்டில் அப்படிப்பட்ட ஆபத்து பெரிதாக இருக்கவில்லை. அங்கே மணலை அள்ளிக்கொண்டு போன காற்றுக்கு அனுமதிச் சீட்டு எதுவும் தேவைப்படவில்லை.

அரிப்பு எப்படி நடக்கிறது

கடலோர மணற்குன்றை நிலைநிறுத்துவது அதன் மேலுள்ள புல்லின் வேர்தான். எங்காவது ஓரிடத்தில் புல் கிழிந்தால், முயல் வளையாலோ மாடு மிதித்த தடத்தாலோ புயலாலோ, அந்தக் கிழிசலில் காற்று புகுந்து உலர்ந்த மணலைத் தூக்கிச் செல்கிறது. கிழிசல் குழியாகிறது, குழியின் விளிம்பில் மீதமுள்ள புல், அடியில் பிடிப்பின்றிச் சரிகிறது, குழி அகலமாகிறது. ஈரமான அடிமண்ணோ கல்லோ தட்டுப்படும் வரை இந்த இறக்கம் நிற்பதில்லை. நோல்ட்லண்டில் அப்படித் தட்டுப்பட்டவை சுவர்களும், குப்பைமண்ணும், சவக்குழிகளும்.

இங்கே தொல்லியலுக்கு நேரும் சேதம் வெறும் ‘வெளியே தெரிவது’ அல்ல. மணல் போனபின் அதில் அடுக்கடுக்காகக் கிடந்த பொருள்கள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கி ஒரே தளத்தில் வந்து அமர்கின்றன. கி.மு. 3000-ஐச் சேர்ந்த கருவியும் அதற்கு ஆயிரம் ஆண்டு பிந்திய மட்பாண்ட ஓடும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும். எது முந்தியது, எது பிந்தியது என்று சொல்லும் மண்ணடுக்கு காற்றோடு போய்விட்டிருக்கும். தொல்லியலாளருக்குப் பொருளைவிடப் பொருள் கிடந்த இடமே பெரிது என்பதால், பொருள் எஞ்சியிருந்தும் அது சொல்லவேண்டிய செய்தி தொலைந்துவிடுகிறது. மழையும் பனியும் அடுத்த வேலையைத் தொடங்குகின்றன. பல நூற்றாண்டு ஈரத்தில் மென்மையாகிப்போன எலும்பு காய்ந்ததும் பொடிகிறது. தட்டுப்பாறை தன் படலங்களின் வழியே பிளக்கிறது. பறக்கும் மணலே கல்லின் முகத்தை உரசித் தேய்க்கிறது.

இவ்வளவும் வேலிக்குள் நடந்தது. களத்தைச் சுற்றி வேலி இருந்தது, அறிவிப்பு இருந்தது, பட்டியலில் பெயர் இருந்தது.

தோண்டுவது என்ற முடிவு

ஐரோப்பியத் தொல்லியலில் கடந்த சில பத்தாண்டுகளாக வேரூன்றியுள்ள கொள்கை, களத்தை அது இருக்கும் இடத்திலேயே தொடாமல் வைப்பது என்பதாகும். அகழாய்வும் ஒருவகை அழிவே. ஒருமுறை தோண்டிய அடுக்கை மறுபடி தோண்ட முடியாது. நாளைய ஆய்வாளரிடம் இன்றைவிட நுட்பமான கருவி இருக்கும் என்பதால், அவருக்காக விட்டுவைப்பதே நேர்மை. இந்த நியாயத்தை யாரும் எளிதில் தள்ளிவிட முடியாது. நோல்ட்லண்டின் மூல ஏற்பாடும் இதை ஒட்டியதே.

2000-க்குப் பிந்தைய ஆண்டுகளில் நடந்த கள மதிப்பீடுகள் இந்தக் கொள்கையின் அடிப்படையையே அசைத்தன. தொடாமல் வைத்தால் அப்படியே இருக்கும் என்ற அனுமானம் அசையாத நிலத்துக்குத்தான் பொருந்தும். பறக்கும் மணலில் தொடாமல் வைப்பது என்பது, பதிவு ஏதுமின்றி அழியவிடுவதற்கு ஒப்பானது. ஹேசல் மூரும் கிரேம் வில்சனும் வழிநடத்திய ஈஸ் ஆர்க்கியாலஜி குழு, ஹிஸ்டாரிக் ஸ்காட்லாந்தின் நிதியில், 2006-ஐ ஒட்டிய ஆண்டுகளிலிருந்து களத்தில் இறங்கியது. கோடையில் தோண்டுவதும், குளிர்காலத்துக்கு முன் விரிப்பும் மணல் மூட்டையும் இட்டு மூடுவதுமாகப் பத்தாண்டுக்கும் மேலாக இந்தப் பணி நீண்டது.

என் கணிப்பில் இந்த முடிவு சரியானது, ஆனால் தாமதமானது. அகழாய்வு முடிந்த 1981-க்கும் புதிய பணி தொடங்கிய காலத்துக்கும் இடையே கால் நூற்றாண்டு இருக்கிறது. கோதுமைப் புல்லைப் போன்ற மணற்புல்லை நட்டு, முயலைக் கட்டுப்படுத்தி, கிழிசல் சிறிதாக இருக்கும்போதே மூடியிருந்தால் ஒரு பகுதியையாவது அப்படியே வைத்திருக்க முடிந்திருக்கும் என்று நினைக்க இடமுண்டு. ஒழுகும் கூரையில் முதல் ஓட்டை மாற்றுவதற்கும் மழைக்காலம் முடிந்தபின் உத்தரத்தை மாற்றுவதற்கும் உள்ள வேறுபாடுதான் இதுவும். மணற்குன்றைக் காப்பது ஆண்டுதோறும் செய்ய வேண்டிய தோட்டவேலை. சின்னங்களைக் காக்கும் நிர்வாகங்கள் சுவரைப் பூசுவதில் தேர்ந்தவை, புல் வளர்ப்பதில் அல்ல.

கிடைத்தவை

காற்று முந்திக்கொள்வதற்குள் மீட்கப்பட்டவற்றின் பட்டியல் நீளமானது. புதிய கற்கால வீடுகளின் தொகுதி, அவற்றைச் சூழ்ந்த மதில், வீட்டுக் கழிவையும் சாம்பலையும் கொட்டி வளமாக்கிய வயல்கள், அவற்றுக்குப் பிந்திய வெண்கலக் கால வீடுகள், ஒரு கல்லறைத் திடல் எனப் பலவும் அதில் அடங்கும். அவற்றுள் மூன்றைப் பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்லலாம்.

முதலாவது, ஒரு கட்டடத்தின் சுவர் அடித்தளம். இரண்டு கல்வரிசைகளுக்கு இடையே நிரப்புமண்ணோடு ஏறத்தாழ 30 மாட்டு மண்டையோடுகளை வைத்துச் சுவரை எழுப்பியிருக்கிறார்கள். மண்டைகள் தலைகீழாக, கொம்புகள் ஒன்றோடொன்று கோத்தபடி வரிசையாகச் சுற்றி வந்திருக்கின்றன. சுவர் எழுந்தபின் அவை யார் கண்ணுக்கும் தெரிந்திருக்காது. அத்தனை மாடுகளின் தலைகளைச் சேர்த்துவைத்து, பிறகு கண்ணில் படாதபடி மறைத்தது ஏன் என்று யோசித்தால், அந்த வீட்டில் குடியிருந்தவர்களுக்கு அவை அங்கே இருக்கின்றன என்று தெரிந்ததே போதுமானதாக இருந்திருக்க வேண்டும் என்றுதான் தோன்றுகிறது. மாடு அவர்களுக்குப் பாலும் இறைச்சியும் மட்டுமல்ல, செல்வமும் மதிப்பும் கூட என்பதற்கு இதைவிடத் திட்டமான சான்று வேண்டியதில்லை. இத்தகைய ஏற்பாடு வேறெங்காவது இருந்திருந்தாலும், அமில மண்ணில் அது மிஞ்சியிருக்காது என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும்.

இரண்டாவது, 2009-ஆம் ஆண்டுக் கோடையில் ஒரு வீட்டின் இடிபாட்டிலிருந்து வந்த சிறு மணற்கல் உருவம். உயரம் 41 மில்லிமீட்டர், அகலம் 31, தடிமன் 12. உள்ளங்கையில் வைத்து விரலை மடக்கினால் மறைந்துவிடும். தட்டையான உடலும் அதன்மேல் உருண்ட தலையும் கொண்டது. முகத்தில் கனத்த புருவக் கோடு, அதன் கீழ் கண்ணாக இரண்டு புள்ளிகள், நீண்ட மூக்கு. மார்பில் இரண்டு வட்டங்கள். உடலில் குறுக்கும் நெடுக்குமாகக் கீறிய கோடுகள். கீறியவரின் கை தயங்கவில்லை, ஆனால் அழகுபடுத்தவும் முயலவில்லை. ஸ்காட்லாந்தில் அதுவரை கிடைத்த மனித உருவங்களில் இதுவே மிகப் பழமையானது என்று அறிவிக்கப்பட்டது. தீவு மக்கள் அதற்கு ‘வெஸ்ட்ரே வைஃப்’ என்று செல்லப்பெயர் வைத்தார்கள். தொல்லியல் வட்டாரத்தில் ‘ஓர்க்னி வீனஸ்’ என்ற பெயரும் உண்டு. பக்கத்திலுள்ள பாப்பா வெஸ்ட்ரேயின் சிறுதீவு ஒன்றிலிருக்கும் கற்கால ஈமக் கட்டடத்தின் சுவரிலும் இதே போன்ற புருவ வளைவும் புள்ளிக் கண்ணும் செதுக்கப்பட்டுள்ளன என்பது முக்கியமானது. வீட்டில் கிடைத்த இந்த உருவத்தையும் இறந்தவர்களின் கட்டடத்தையும் ஒரே கைவழக்கம் இணைக்கிறது. அடுத்த ஆண்டே தலையில்லாத களிமண் உருவம் ஒன்று கிடைத்தது. பிறகு மூன்றாவதும் கிடைத்தது. தனி ஒரு கலைஞரின் விளையாட்டு என்று முதல் உருவத்தை ஒதுக்கிவிட முடியாதபடி அவை செய்துவிட்டன.

மூன்றாவது, வெண்கலக் காலக் கல்லறைத் திடல். 50-க்கும் மேற்பட்ட புதைவிடங்களில் நூற்றுக்கும் மேற்பட்டவர்களின் எச்சங்கள் இருந்தன. சிப்பிமணல் காத்துக்கொடுத்த இந்த எலும்புகளிலிருந்து மரபணுவைப் பிரித்தெடுக்க முடிந்தது. ஹடர்ஸ்ஃபீல்டு, எடின்பரோ பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் பங்கேற்ற அந்த ஆய்வு 2022-இல் வெளியானது. அதன் முடிவு எதிர்பார்ப்புக்கு மாறானது. வெண்கலக் காலத் தொடக்கத்தில் ஐரோப்பியக் கண்டத்திலிருந்து வந்த புதிய மக்கள் பிரிட்டனின் பழைய மரபணு வழியைப் பெருமளவு மாற்றிவிட்டார்கள் என்பதும், தந்தைவழி மரபுகளும் அவ்வாறே மாறின என்பதும் ஏற்கெனவே தெரிந்தவை. நோல்ட்லண்டில் புதைக்கப்பட்டவர்களின் மரபணுவிலும் வந்தேறிகளின் பங்கே பெரும்பான்மை. ஆனால் ஆண்களின் தந்தைவழி மட்டும் பெரும்பாலும் பழைய புதிய கற்கால வழியாகவே நீடித்திருந்தது. வெளியிலிருந்து வந்து இந்தக் குடும்பங்களோடு கலந்தவர்களில் பெண்களே மிகுதி என்பதே ஆய்வாளர்கள் தரும் விளக்கம். நிலமும் மந்தையும் கொண்ட பழைய உழவர் குடும்பங்கள் தங்கள் ஆண்வழியை விடாமல், தலைமுறை தலைமுறையாக வெளியிலிருந்து பெண் எடுத்து வந்திருக்கலாம். பிரிட்டனின் பிற பகுதிகளில் அறுபட்ட ஒரு வழி இந்த ஓரத்துத் தீவில் ஆயிரம் ஆண்டுக்கும் மேலாகத் தொடர்ந்திருக்கிறது என்பது, எலும்பு மிஞ்சியதால் மட்டுமே தெரிய வந்தது.

இவற்றோடு, 2015-இல் வெளிப்பட்ட ஒரு வெண்கலக் காலக் கட்டடத்தையும் குறிப்பிட்டாக வேண்டும். நடுவில் பெரிய நீர்த்தொட்டி, சுற்றிலும் சிற்றறைகள், நெருப்பில் காய்ச்சி நீரில் போட்டதால் வெடித்த கற்களின் குவியல் ஆகியவை அதில் இருந்தன. கூட்டுச் சமையலுக்கா, நீராவிக் குளியலுக்கா, மகப்பேறு போன்ற சடங்குகளுக்கா என்று பல விளக்கங்கள் முன்வைக்கப்பட்டுள்ளன.

ஸ்காரா பிரேயோடு ஓர் ஒப்பீடு

ஓர்க்னியின் முதன்மைத் தீவில் உள்ள ஸ்காரா பிரே, 1850-ஆம் ஆண்டுப் புயல் ஒன்று மணலைக் கிழித்தபோது வெளியே வந்தது. 1924-இல் அரசுப் பராமரிப்புக்குள் வந்த அதே ஆண்டின் இறுதியில் இன்னொரு புயல் ஒரு வீட்டின் பகுதியைக் கடலுக்குள் கொண்டுபோயிற்று. உடனே கடற்சுவர் எழுப்பப்பட்டது. தொல்லியலாளர் கார்டன் சைல்டு 1928 முதல் 1930 வரை அங்கே தோண்டினார். 1999-இல் அது உலகப் பாரம்பரியச் சின்னத் தொகுதியில் சேர்ந்தது. இன்றும் அந்தச் சுவர் நிற்கிறது, அலையைத் தாங்குகிறது, ஆனால் அதன் இரு முனைகளுக்கு அப்பால் கரை உள்வாங்கிக்கொண்டே போகிறது. 2019-இல் நடந்த மதிப்பீட்டில் அந்தத் தொகுதி காலநிலை மாற்றத்தால் மிக உயர்ந்த பாதிப்பு நிலையில் உள்ளதாக வகைப்படுத்தப்பட்டது.

இரண்டையும் அருகருகே வைத்தால் வேறுபாடு தெளிவாகிறது. ஸ்காரா பிரேயின் எதிரி ஒரு திசையிலிருந்து வரும் அலை. அதற்கு எதிராகச் சுவர் கட்டலாம். நோல்ட்லண்டின் எதிரி மேலிருந்து மணலை உரிக்கும் காற்று. எந்தத் திசையிலும் சுவர் பயன்படாது. அத்தோடு, ஸ்காரா பிரேயைப் பார்க்க ஆண்டுதோறும் பெருந்திரள் வருவதால் அங்கே செலவிடும் பணத்துக்கு யாரும் கணக்குக் கேட்பதில்லை. உலகப் பாரம்பரியப் பட்டியலில் இல்லாத, இரண்டு கடல்வழி தாண்டிப் போக வேண்டிய வெஸ்ட்ரேக்கு அந்தச் சலுகை இல்லை. இரண்டு களங்களுக்கும் சட்டம் தரும் மதிப்பு ஒன்றே, கவனம் ஒன்றல்ல.

மீந்திருப்பது

தோண்டியவை எல்லாம் ஒரு வகையில் களத்திலிருந்து பெயர்ந்துவிட்டன. பார்வையாளர் இன்று நோல்ட்லண்டுக்குப் போனால் புல்லும் மணலும் கொஞ்சம் கல்லுமே கண்ணில் படும். ஸ்காரா பிரேயில் உள்ளதுபோல் கட்டிலும் அலமாரியுமாக ஒரு வீட்டை எட்டிப் பார்க்க முடியாது. தீவு மக்களுக்கு இது சிறிய இழப்பல்ல, ஏனெனில் பயணிகளின் வருகை அவர்களின் பிழைப்போடு தொடர்புடையது. அந்தச் சிறு உருவம் எடின்பரோவிலும் ஸ்டெர்லிங்கிலும் காட்சிக்கு வைக்கப்பட்ட பின் வெஸ்ட்ரேக்கே திரும்பி, பியரோவால் ஊரிலுள்ள தீவின் மரபு மையத்தில் இடம்பெற்றது இந்த வகையில் நல்ல முன்மாதிரி. களம் கைவிட்டுப் போனாலும் அதன் முகம் ஊரிலேயே இருக்க வேண்டும் என்ற கோரிக்கையில் நியாயம் உண்டு.

நிர்வாகத்தின் பக்கம் இன்னும் செய்ய வேண்டியவை இரண்டு. பத்தாண்டுக்கு மேல் தோண்டி எடுத்த எலும்பும் ஓடும் மண்மாதிரியும் முழுமையாக ஆராயப்பட்டு நூலாக வெளிவருவதற்குத் தோண்டியதற்கு இணையான நிதியும் காலமும் தேவை. அதைத் தராமல் விட்டால், காற்றுக்குப் பதிலாகப் பெட்டிக்குள் வைத்து இழந்ததாக முடியும். மற்றொன்று, ஹிஸ்டாரிக் என்விரான்மென்ட் ஸ்காட்லாந்து 2018-இல் தன் பராமரிப்பிலுள்ள முந்நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களை மதிப்பிட்டபோது, பத்தில் ஏறத்தாழ ஒன்பது இடங்கள் வெள்ளம், அரிப்பு, நிலச்சரிவு போன்ற இயற்கை ஆபத்துகளுக்கு உயர்ந்த அளவில் ஆட்படக்கூடியவை என்று கண்டது. அத்தனையையும் தோண்டி எடுப்பது நடவாத காரியம். எந்தக் களத்தில் புல் நடுவது, எதில் சுவர் கட்டுவது, எதைத் தோண்டிப் பதிவு செய்வது, எதைக் கடலுக்கும் காற்றுக்கும் விட்டுவிடுவது என்பதை வரிசைப்படுத்தி முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். அந்த வரிசை, வருகையாளர் எண்ணிக்கையைவிட மண்ணின் தன்மையையும் எலும்பு மிஞ்சும் வாய்ப்பையும் முதல் அளவுகோலாகக் கொள்ள வேண்டும் என்பது நோல்ட்லண்டை ஆராய்ந்தபின் நான் முன்வைக்கும் பரிந்துரை.